அவள் சொல்ல இருந்த பெயர்

என் மனைவிக்குக் கணக்குத் தர ஒரு வங்கி மறுத்துவிட்டது. போனுக்குள்ளேயே இருக்கும் வங்கி அது. கட்டடம் இல்லை, கவுண்டர் இல்லை, நூல் கட்டிய பேனாவும் இல்லை. மறுத்ததற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அழகாகச் சொல்லிவிடுவேன், எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

மாரண்டஹள்ளிக்குச் சற்று வெளியே எங்கள் வீடு. நான் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது வேலை, மீதி நேரத்தில் எதையாவது எழுதுவது. அவள் ஆரி வேலை செய்கிறாள். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, ஜாக்கெட்டின் கழுத்துக்கும் கைக்கும் ஊசியால் மணியும் ஜரிகையும் கோப்பது. மகள் பள்ளிக்கூடம் முடித்த வருடம் இவள் யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இப்போது பாலக்கோட்டிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கல்யாண ஜாக்கெட்டுகள் பஸ்ஸில் வருகின்றன, வேலை முடிந்து பஸ்ஸிலேயே திரும்பிப் போகின்றன. கூலி மட்டும் போனில் வரும். என் போனில்.

"அக்கா, அனுப்பிட்டேன், பாத்துக்குங்க" என்று யாராவது அவளிடம் சொல்வார்கள். உடனே எனக்கு அழைப்பு வரும். நான் பள்ளியில் கை நிறைய சோப்பு நுரையோடு நிற்பேன்.

"ஏனுங்க, வந்துடுச்சுங்களா?"

பார்த்துச் சொல்வேன். சில நாள் பார்க்காமலேயே, "வந்திருக்கும், வுடு" என்பேன். அவளுடைய இரண்டு நாள் கண்வலி என் சட்டைப் பையில் வந்து விழுந்து ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்கும். அவள் அந்தச் சிணுங்கலைக் கேட்டதே இல்லை. வந்துடுச்சுங்களா, வந்துடுச்சுங்களா என்று கேட்டுக் கேட்டே நாலு வருடம் போயிற்று. அதில் ஒரு குறை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, எந்தப் போனில் வந்தால் என்ன?

சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள்தான் அந்த வங்கியைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "எங்கயும் போவ வேணாம்மா. வூட்ல உக்காந்தே தொறக்கலாம். வீடியோல ஒருத்தங்க வந்து நாலு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான்."

மாதாமாதம் அரசின் மகளிர் உரிமைத் தொகை வந்து விழும் கணக்கு ஒன்று என் மனைவிக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதில் கொடுத்திருப்பது என் நம்பர். நம்பரை மாற்றினால் போதுமே என்றேன்.

"அது நீங்க தொறந்து குடுத்ததுங்க" என்றாள். "இது நான் தொறக்கறேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழித்திருக்க வேண்டும். எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்கிறேன், காதில் விழுந்த வாக்கியத்தைக் கூடக் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன், எங்காவது எழுதிக்கொள்ளலாம் என்று.

மகள் போனிலேயே சொல்லச் சொல்ல, அவளே விண்ணப்பத்தை நிரப்பினாள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோ அழைப்பு. அதற்கு முன்னால் ஒரு செய்தி வந்தது. வெளிச்சமான இடத்தில் உட்காரவும், வெள்ளைத்தாளும் பேனாவும் பான் அட்டையும் கையில் இருக்கட்டும், அருகில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கடைசி வரியை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்த அதே வாய்தான் அதை மீறவும் போகிறது.

அந்தக் காலையில் அவள் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். ஊசி இறங்கும், ஏறும். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லை. ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிற மாதிரி. மணி எண்ணுகிறாள் என்று நினைத்து, டீயை எடுக்கத் தாண்டிப் போனேன்.

பதினோரு மணிக்கு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பின்கட்டு வாசல்படி அருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டி, குங்குமத்தைக் கண்ணாடியில் இரண்டு தடவை சரிபார்த்திருந்தாள். போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்துக் கொடுத்துவிட்டு நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஏதாவது தடுமாறினால்?

திரையில் ஒரு பெண் வந்தாள். காதில் ஹெட்போன். குரலில் அவசரம் இல்லை.

"வணக்கம் மேடம், நான் பேசறது கேக்குதுங்களா?"

"நல்லா கேக்குதுங்க."

பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். பான் அட்டையைக் காட்டச் சொன்னபோது வெளிச்சம் அடித்தது. அவளாகவே சாய்த்துப் பிடித்தாள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் காட்டினாள்.

"அழகா எழுதறீங்க மேடம்" என்றது திரை. அவள் முகம் மலர்ந்ததைப் பக்கவாட்டில் பார்த்தேன். "இன்னும் ஒரே கேள்விதான். ஆதார்ல உங்க கணவர் பேர் இருக்குது இல்லைங்களா, அது என்ன மேடம்?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அவள் வயதுப் பெண்கள் பலர் இன்னும் அப்படித்தான். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியது. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். "அதுல இருக்குதுங்க, பாருங்க." பிரசவ வார்டில் நர்ஸ் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன். எந்த ஆபீஸ் ஜன்னலிலும் அந்தக் கேள்வி வரும், அவள் திரும்புவாள், நான் சொல்வேன். "பேரைச் சொன்னா அப்பா ஆவியா போயிடுவாராம்மா?" என்று மகள் கேலி பேசுவாள். "போடி" என்பாள் இவள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி வந்ததும் அவள் வாய் திறந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. என்னைத் திரும்பிப் பார்த்தாளா? பார்த்தாள் என்றுதான் அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்கவில்லை. அவள் கண் போனில்தான் இருந்தது.

நான் என் பெயரைச் சொன்னேன். ரகசியமாகக் கூட இல்லை. ஆபீஸ் ஜன்னல்களில் சொல்லிப் பழகிய அதே குரலில், இனிஷியலோடு.

திரையில் இருந்த பெண் நிமிர்ந்தாள். "மேடம், பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. அப்போதாவது நான் ஓடி ஒளிந்திருக்கலாம். மாறாக நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்து, கேமராவுக்குள் முகத்தை நுழைத்து, சிரித்தேன்.

"நான்தான் மேடம், அவங்க வூட்டுக்காரர். எங்க பக்கம் பொம்பளைங்க வூட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்க. அதான்."

அதைச் சொன்னபோது என் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பெருமை.

"சார், நீங்க கேமராவுல வரக்கூடாது சார்" என்றாள் அந்தப் பெண். பிறகு, "மேடம், நான் இந்த அழைப்பை முடிக்க வேண்டியிருக்குது. மன்னிச்சுக்குங்க." திரையில் எங்கள் இரண்டு பேர் முகம் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் முன்னால், நான் அவள் தோளுக்கு மேலே. கல்யாண போட்டோ மாதிரி.

மதியம் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் போனை என்னிடம் நீட்டினாள். "என்னுங்க போட்டிருக்குது?"

உங்கள் விண்ணப்பத்தை எங்களால் ஏற்க இயலவில்லை, பொறுமைக்கு நன்றி என்று போட்டிருந்தது. காரணம் எழுதவில்லை. வாடிக்கையாளர் சேவை நம்பரை எடுத்துக்கொண்டு நான் தெருவுக்குப் போனேன். இதை அழுத்து, அதை அழுத்து என்று ஒரு இயந்திரம் அலைக்கழித்த பிறகு ஒரு ஆண் குரல் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், அக்கவுண்ட் தொறக்கறவங்க அவங்க இஷ்டப்படிதான் பேசறாங்களான்னு நாங்க பாக்கணும். பக்கத்துல ஒருத்தர் நின்னு பதில் சொல்லிக் குடுத்தா, அவங்களை யாரோ கட்டாயப்படுத்தறாங்கன்னுதான் எடுத்துக்க முடியும்."

"நான் அவங்க புருஷன்ங்க."

"அது எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றவன் கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சாலும் அதேதான் சார்" என்றான்.

அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். வெயில் ஓட்டின் மேல் உறைந்து நின்றது. அவள் சட்டத்தின் முன்னால் இருந்தாள், ஆனால் ஊசி கையில் இல்லை.

"சிக்னல் சரியில்லையாம்" என்றேன். ஆம், அதையும் சொன்னேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை இனி.

"சிக்னல் இல்லைங்க" என்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன். "நீங்க."

"நீ சொல்ல மாட்டேன்னுதானே நான் சொன்னேன்?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்."

நான் சட்டத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பாப்பா முன்னாடியே சொல்லுச்சு, புருஷன் பேரு கட்டாயம் கேப்பாங்கம்மா, தயாரா இருன்னு. காலையில இருந்து சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுத்தான் இருந்தேன். மொதல்ல வாய் கூசுச்சு. அப்பறம் வந்துடுச்சு." துணியில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டாள். "ரெண்டு நொடி இருக்க மாட்டீங்களா?"

மணி எண்ணவில்லை அவள். அந்த அசைந்த உதடு என் பெயரைத்தான் பழகிக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டிப் போனேன், டீ ஆறுகிறதே என்று.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது. பெரியது அதுதான். சில வருடங்களுக்கு முன் தர்மபுரியில் ஒரு மண்டபத்தில் நான் ஒரு வசன கவிதை வாசித்தேன். என் பெயரை என் மனைவி நாவுக்கடியில் கற்கண்டாக ஒளித்து வைத்திருக்கிறாள், கரையவும் விடாமல் துப்பவும் செய்யாமல், என்று போகும். கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்தாள். நாணம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி இன்னொன்று எழுதினேன். அவளிடம் ஒரு தடவையாவது கேட்டேனா, உனக்கு என் பெயரைச் சொல்லத் தோன்றியிருக்கிறதா என்று? அவளைப் பேர் சொல்லி நான் ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுகிறேன். தண்ணீர் கொண்டு வா என்பதற்கு, கண்ணாடி எங்கே என்பதற்கு. அவள் மௌனத்தை எடுத்து மேடையில் விற்றவன், அவள் பேச வாயெடுத்த அன்று குறுக்கே போய் நின்றேன். கற்கண்டாம்.

அந்த வங்கி இப்போதைக்கு மறுபடி விண்ணப்பம் வாங்காது என்று சொல்லிவிட்டது. இரண்டு வாரம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓசூர்க்காரி ஒருத்தி பணம் அனுப்பினாள். என் போன் சிணுங்கியது. பள்ளியில் அந்தச் சிணுங்கலைக் கேட்டதும் யாரோ பார்த்துவிட்ட மாதிரிப் பைக்குள் அமுக்கினேன்.

பிறகு ஒரு ஞாயிறு, மகள் சொல்லி வேறொரு வங்கி. அதே மாதிரி அழைப்பு, அதே நாற்காலி, அதே செங்கல். பத்து மணிக்கு அவள் என்னைப் பார்த்து, "கடைக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

"என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேணாம்."

பஸ் நிறுத்தத்து டீக்கடை வரைக்கும் நடந்தேன். பாதி வழியில் ஒருமுறை நின்றேன். கால் திரும்பப் பார்த்தது. அடக்கிக்கொண்டு போனேன்.

"என்னங்க சார், ஞாயித்துக்கெழமை அதுவுமா இங்க? வூட்ல வெரட்டிட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க."

விளையாட்டுக்குக் கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னொரு டீ போடறேன்" என்றார்.

இரண்டாவது டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் கேட்டிருப்பார்கள். இந்நேரம் சொல்லியிருப்பாள். என் பெயர் அவள் குரலில் எப்படி இருக்கும்? நடு எழுத்தில் அழுத்துவாளா, கடைசி எழுத்தை விழுங்குவாளா? எங்கேயோ உட்கார்ந்திருக்கும், ஹெட்போன் மாட்டிய ஒருவர் அதை முதலில் கேட்கப் போகிறார், ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போகிறார். எனக்கு அதைக் கேட்க ஆசையாக இருந்தது. அந்த ஆசையும் வெட்கமாக இருந்தது. பாலக்கோடு பஸ் ஒன்று வந்து, ஆளை இறக்கிவிட்டு, போயிற்று. அடுத்த பஸ் வந்து போன பிறகுதான் எழுந்தேன்.

அவள் சட்டத்தின் முன்னால் இருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள சொல்றாங்களாம்."

"பேரு கேட்டாங்களா?"

"கேட்டாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மணி கொட்டிக் கெடக்குது."

தரையில் உட்கார்ந்து பொறுக்கினேன். கடுகை விடச் சிறிய தங்க நிற மணிகள், நகத்தில் சிக்காமல் ஓடின.

சாயங்காலம் அவள் போன் ஒருமுறை ஒலித்தது. என்னிடம் நீட்டவில்லை. அவளே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டு மகளை அழைத்தாள்.

"பாப்பா, தொறந்துட்டாங்க."

அந்தப் பக்கம் மகளின் கூச்சல் எனக்கே கேட்டது. அடுத்து மகள் கேட்ட கேள்வியும் காதில் விழுந்தது. "அப்பா பேரைச் சொன்னியாம்மா? எப்படிச் சொன்ன, இப்ப ஒரு தடவ சொல்லு!"

அவள் சிரித்தாள். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். போனைக் காதோடு அணைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் கதவருகே போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன், மணிகள் போட்ட கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு.