மக்கில் கட்டிய நூல்

முத்துச்செல்வி கையைத் துடைப்பதில்லை, ஒற்றுகிறாள். பழைய பருத்தித் துண்டில் விரல் விரலாக ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத களிம்பை வழித்து மணிக்கட்டு வரை பூசுகிறாள். அதன் மேல் துணி கிளவுஸ். கம்பெனியில் ரப்பர் கிளவுஸ் அதற்கும் மேலேதான்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் லாரி உதிரிபாகங்களைக் கழுவும் லைனில் வேலை. பென்னலூரில் தோழிகளோடு வாடகை அறை. முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அத்தனை பேருக்கும் சடை போட்டுவிடுவது அவள்தான். வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தாலும் வகிடு கோணாது.

முதன்முதலில் விரலிடுக்கில் அரிப்பு எடுத்ததும் ஒட்டும் படை என்று தானே முடிவு கட்டிவிட்டாள். மெடிக்கலில் கேட்டு ஏதோ படைக்களிம்பு வாங்கினாள். மற்றவர்கள் எடுத்துவிடக் கூடாதென்று தன் குளியல் மக்கின் பிடியில் சிவப்பு நூல் கட்டித் தனியே வைத்தாள். பொறுக்க முடியாத சூட்டில் வெந்நீர், அதில் கிருமி மருந்து. கழுவக் கழுவத் தோல் வெடித்தது. வெடிக்க வெடிக்க இன்னும் கழுவினாள். சடை போடுவதை நிறுத்தினாள். யாரும் அவளை ஒதுக்கவில்லை; அவளாக ஒதுங்கினாள்.

"ஏக்கா, எனக்கு மட்டும் போடுக்கா" என்று அறைத்தோழி கனிஷ்கா கேட்டால், "ஏட்டி, ஒனக்குக் கை இல்லியா?" என்று எரிந்து விழுவாள்.

கிளவுஸில் ரத்தத்தைப் பார்த்த சூப்பர்வைசர் சசிகலாதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் மதிவதனி வெறுங்கையால் அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பினார்.

"தொடாதிய டாக்டர், ஒட்டிரும்."

"இது படை இல்லமா, எக்ஸிமா. கரப்பான்னு சொல்லுவாங்களே, அது. யாருக்கும் ஒட்டாது. லைன்ல இருக்கிற கெமிக்கலும் கிளவுஸ் வேர்வையும் உன் தோலுக்கு ஆகல. நீ வேற சுடுதண்ணில வேக வெச்சிக்கினு கீற."

தோல் சிவந்த இடத்துக்கு ஒரு மருந்து, டாக்டர் சொன்ன நாள் மட்டும். தோல் காயாமல் இருக்கக் களிம்பு, எந்நேரமும். வெடிப்பு மூடியது. பனிக்காலத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. "மருமவன் மாதிரில்லா இது" என்கிறாள். "வரும், போவும். மூஞ்சியச் சுளிக்காம பக்குவமாப் பாத்துக்கிடணும்."

ஆனாலும் நூலை மட்டும் அவிழ்க்கவில்லை. டாக்டர் சொன்னது மனதுக்கு எட்டியிருந்தது, கைக்கு எட்டவில்லை.

ஒரு காலை கனிஷ்கா சீப்போடு வந்து அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"கையெல்லாம் களிம்புட்டி."

"நல்லதாப் போச்சு, எண்ணெய் மிச்சம்."

முத்துச்செல்வி சீப்பை வாங்கினாள். பிறகு வகிடெடுத்துப் பின்னத் தொடங்கினாள். நுனிக்கு வந்தபோது ரப்பர் பேண்டைக் காணோம், வெளியே ஹாரன். ஒரு கையால் சடையைப் பிடித்தபடி மறு கையால் மக்கை எட்டி இழுத்தாள். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சடை நுனியில் இறுக்கி முடிந்தாள்.