போன வண்டி அங்கேயே நிற்குமா

சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐரோப்பா ஒரு கட்டம்போட்ட வரைபடத் தாளாக விரிந்து கிடந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பாரிஸ், பார்சிலோனா, மாட்ரிட். அடியில் இடமிருந்து வலமாகப் பதினைந்து நாள். ஊர்விட்டு ஊர் போகும் நேரத்துக்குச் சாய்ந்த கோடு, ஊரில் தங்கும் நேரத்துக்குப் படுத்த கோடு. நான் இரண்டு வருடம் நான்கு மாதம் முதுகில் ஒரு பையோடு அலைந்துவிட்டு அப்போதுதான் திரும்பி, அங்கே வந்து தங்கியிருந்தேன். அடுத்து எந்த ஊர் என்பதைப் பல நாள் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டுதான் முடிவு செய்திருக்கிறேன். இப்படியொரு தாளை அதுவரை பார்த்ததில்லை.

"இது என்ன சித்தி, பதினொண்ணு நாப்பதுலேர்ந்து அம்பது வரைக்கும் 'சும்மா'ன்னு போட்டிருக்கு?"

"சும்மா இருக்கறதுக்கு. அந்தப் பத்து நிமிஷம் இல்லன்னா பின்னாடி வர்றதெல்லாம் லேட்டாகும்."

சித்தி என் அம்மாவின் தங்கை. நகரப் பேருந்து டிப்போவில் கால அட்டவணை போடுபவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி, எங்கே எத்தனை நிமிடம் நின்று, எப்போது திரும்ப வேண்டும் என்று நூற்றுப் பன்னிரண்டு வண்டிகளுக்கு அவள் கோடு போடுகிறாள். கணினி வந்து பல வருடம் ஆகிறது. இருந்தாலும் முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதில் ஏற்றுவாள். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை.

டிப்போவில் அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர். அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஆஸ்பத்திரி நிறுத்தத்திலிருந்து மார்க்கெட் நிறுத்தத்துக்கு ஏழு நிமிடம் என்று பழைய அட்டவணையில் இருந்தது. ஏழு நிமிடத்தில் போக முடியாது என்று டிரைவர்கள் சண்டை பிடித்தார்கள். முடியும் என்று மேனேஜர் சொன்னார். ஒரு சனிக்கிழமை சித்தி ஒரு நோட்டும் கைக்கடிகாரமுமாக அந்த வண்டியில் ஏறி, காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை போய்வந்தாள். பதினொரு நிமிடம் ஆயிற்று. திங்கட்கிழமை அட்டவணையில் பதினொன்று என்று மாற்றிவிட்டாள். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது, "கடிகாரத்தைக் கேட்டு சார்" என்றாளாம்.

அவளுடைய அறையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆள் நுழைந்தால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வண்டி கழுவுமிடம். தாளெல்லாம் எப்போதும் கொஞ்சம் நமுத்திருக்கும். சுவரில் என்றைக்கோ முடிந்துபோன வருடத்தின் காலண்டர் தாள் ஒன்று தொங்கும். பின்னால் சுவர்ப்பூச்சு பெயர்ந்து கிடப்பதால் அதை யாரும் எடுப்பதில்லை. படத்தில் ஒரு மஞ்சள் ட்ராம் வண்டி, செங்குத்தான சந்து ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் வீடுகள் அத்தனை நெருக்கம். ஜன்னல் வழியே கையை நீட்டினால் காயப்போட்ட துணியை எடுத்துவிடலாம் போலிருக்கும். கீழே சின்ன எழுத்தில் லிஸ்பன் என்று போட்டிருக்கும்.

ட்யூட்டி சரியில்லை என்று சண்டைக்கு வரும் டிரைவர்களின் கண் கடைசியில் அந்தப் படத்தில் போய் நிற்கும். அவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, இந்த ஏத்தத்துக்கு நீங்க எத்தன நிமிஷம் குடுப்பீங்க?"

சித்திக்குத் தெரியவில்லை. அது அவளுக்குப் பெரிய உறுத்தலாகிவிட்டது. பேச்சோடு பேச்சாக ஒருநாள் சித்தப்பாவிடம், "அந்த வண்டியில ஒரு தடவ ஏறிப் பாக்கணுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஐந்து வருடமாக இருவரும் சேர்த்த பணம்தான் இந்தப் பயணம். அதற்குமேல் ஒரு பைசா கிடையாது. நாளும் அப்படித்தான். ஒன்றாம் தேதி புதிய அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன்னால் நாற்காலியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் பதினைந்து நாள் லீவு வாங்கியிருந்தாள்.

பணத்தை அவள் நேரம் மாதிரியே நறுக்கியிருந்தாள். பாரிஸில் ஊருக்கு வெளியே, மெட்ரோ முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், அடுப்புள்ள அறை. காலையில் ரொட்டி, முட்டை. மத்தியானம் காலையில் செய்தது. மாட்ரிட்டில் பெரிய ஓவியக் காட்சியகம் மாலை கடைசி இரண்டு மணி நேரம் இலவசம் என்று கண்டுபிடித்து, அன்றைய கோட்டையே அதற்காக வளைத்திருந்தாள்.

"பாரிஸ்ல அந்த இரும்புக் கோபுரத்துல ஏறலையா சித்தி?"

"கீழ நின்னு பாக்கக் காசு வேணாம். மேல ஏறினா ஊரு பஸ்ஸெல்லாம் சின்னதாத் தெரியும், அவ்வளவுதானே. அத நான் தினமும் தாள்ல பாக்கறேன்."

சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். முப்பது வருடம் வெளியூர் இரவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "சுத்திப் பாக்கப் போறோமா, செக்கிங்குக்குப் போறோமான்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார் என்னிடம்.

அப்போதுதான் தாளைக் கவனித்தேன். மாட்ரிட்டுக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி எழுதி அழிக்கப்பட்டிருந்தது. ரப்பர் தேய்த்த இடம் மட்டும் வெளுத்து, தாள் மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிந்தது.

"லிஸ்பன ஏன் அழிச்சீங்க? அதுக்குத்தானே போறீங்க."

"நேரம் வரல." குரலை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "ஏழு தடவ போட்டுப் பாத்துட்டேன். லிஸ்பன் போயிட்டுப் பாரிஸ் திரும்பறதுக்குள்ள ரெண்டு நாள் போயிடுது. அங்க ஒரு ராத்திரி வேற தங்கணும். காசும் இடிக்குது. பரவால்ல, மூணு ஊர் பாக்கறோமே."

"ஏன் பாரிஸ் திரும்பணும்?"

வண்டிக்குச் சக்கரம் எதற்கு என்று கேட்ட புது குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "எங்க எடுத்தமோ அங்கதானே விடணும்?"

டிக்கெட் இன்னும் வாங்கியிருக்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பாரிஸில் இறங்கிவிட்டு லிஸ்பனில் ஏறலாம், ஒரே டிக்கெட்டாகவே கொடுப்பார்கள், நான் நான்கு தடவை அப்படிப் போயிருக்கிறேன் என்று சொன்னேன். சித்தி நம்பவில்லை.

"அப்ப பாரிஸுக்குப் போன வண்டி அங்கேயே நிக்குமா?"

"அது நமக்காக வந்த வண்டியா சித்தி? வேற ஆளுங்கள ஏத்திக்கிட்டு அது பாட்டுக்குப் போயிடும்."

"லிஸ்பன்ல நமக்கு யாரு வண்டி குடுப்பா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இருபத்தாறு வருடமாக அவள் போட்ட ஒவ்வொரு கோடும் புறப்பட்ட டிப்போ கேட்டிலேயே வந்து முடிந்திருக்கிறது. தினமும் கடைசி வேலை, நூற்றுப் பன்னிரண்டு எண்களுக்கும் எதிரே 'உள்ளே' என்று டிக் அடிப்பது. ஒருமுறை ஒரு வண்டி ஊர் எல்லையில் அச்சு முறிந்து நின்றபோது, அதை இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கும்வரை அவள் வீட்டுக்கு வரவில்லை. திரும்பாத கோட்டை அவளுடைய கை போடாது. பயணத்துக்கு வழி தேடி ஏழு தாள் கிழித்தவளுக்கு, ஏழிலும் பாரிஸ் திரும்பாமல் ஒரு கோடு போடலாம் என்று தோன்றவேயில்லை.

சித்தி எழுந்து மாடிக்குப் போனாள். துணிகளை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றாக மடித்தாள். சித்தப்பாவின் சட்டை ஒன்று பாதி மடிப்பில் நின்றது.

"டிப்போ பாரிஸ் இல்ல" என்றாள், சட்டையைப் பார்த்தபடியே. "டிப்போ இந்த வீடு. இங்க எடுத்தோம், இங்க விடறோம். நான்தான் கொண்டுபோய் பாரிஸ்ல டிப்போ கேட்டப் போட்டுட்டேன்."

புதுத் தாள் எடுத்தாள். விமான டிக்கெட் விலை கொஞ்சம் கூடியது. பாரிஸ் திரும்பி வரும் ரயில் செலவும் அங்கே மறுபடி தங்கும் அறை வாடகையும் மிச்சமானதில் அது சரியாகிப்போனது. அரை மணி நேரத்தில் லிஸ்பனுக்கு இரண்டரை நாள் கிடைத்துவிட்டது. சித்தி பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டாள். அவள் சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான் செய்வாள்.

மிச்சமிருந்தது மாட்ரிட்டிலிருந்து லிஸ்பன் போகும் வழி. நேர் ரயில் கிடையாது. விமானம் மலிவுதான், ஆனால் பைக்குத் தனிக் காசு, விமான நிலையம் போகவரக் காசு, மாட்ரிட்டில் இன்னொரு இரவுக்கு அறைக் காசு. எல்லாம் போக லிஸ்பனில் அறை எடுக்க மிஞ்சவில்லை. இரவுப் பேருந்து ஒன்றுதான் கணக்குக்குள் வந்தது. இரவு ஏறினால் காலையில் இறங்கலாம்.

"நைட் பஸ்ஸா?" குடை மடங்கும் சத்தம் கேட்டது. "நான் வரல."

"என்னங்க..."

"ரிட்டயர் ஆன அன்னிக்கே சொன்னேனா இல்லயா? இனிமே ராத்திரின்னா படுக்கைதான். எனக்கு லீவுன்னா நகராத வீடு. உனக்காகத்தான் இதுக்கே ஒத்துக்கிட்டேன்."

"ஒரு ராத்திரிதானே."

"முப்பது வருஷம் ஒரு ராத்திரி ஒரு ராத்திரின்னுதான் போச்சு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை விசா அலுவலகத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். அங்கே பயணத்திட்டத்தை முழுசாகக் கொடுத்தாக வேண்டும். லிஸ்பன் உண்டா இல்லையா என்பது திங்கட்கிழமைக்குள் முடிவாக வேண்டும். சித்தி வாதாடவில்லை. வீடே அளந்து அளந்து பேசியது. திங்கள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது மேசையைப் பார்த்தேன். லிஸ்பன் வரி பென்சிலில்தான் இருந்தது. மற்ற மூன்றும் மையில்.

சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துச் சித்தப்பா முன்னால் வைத்தாள். டிரைவர்களுக்குத் தினமும் கொடுக்கிற ட்யூட்டி சீட்டு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். தடம்: மாட்ரிட் - லிஸ்பன். பெயர்: அவருடைய பெயர். பணி என்ற கட்டத்தில், 'இல்லை. பயணி. தூங்கலாம்.'

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வராது" என்றார் மெதுவாக. "ஓட்டறப்ப தூங்கல, சரி. ஒருநாள் பயணியா ஏறினேன் பாரு, உன் தம்பி கல்யாணத்துக்கு. அன்னிக்கும் தூங்கல. வேற ஒருத்தன் ஓட்டறான்னா என் காலு பிரேக்கத் தேடுது. அவன் கண்ணு சொருகுதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். விடிஞ்சதும் நீ ஜாலியா ட்ராமுக்குப் போவ, நான் பொணம் மாதிரி வரணும்."

இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று சித்தியின் முகத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"சித்தப்பா, அங்க ஒரு டிரைவர் நாலரை மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டக்கூடாது. முக்கால் மணி நேரம் ஓய்வெடுக்கணும். இல்லன்னா ரெண்டாவது டிரைவர் ஓட்டணும். சட்டம்."

"யாரு பாக்கறா?"

"வண்டியில ஒரு கருவி இருக்கு. அது பதிவு பண்ணும்."

"முக்கால் மணி நேரமா?"

"ஆமா."

"மேனேஜர் திட்டமாட்டானா?"

"நிறுத்தலன்னாதான் திட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நம்மள ஒருத்தன் அப்படி நிறுத்தச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். பிறகு வேறு குரலில் கேட்டார்: "அந்த முக்கால் மணி நேரம் வண்டி எங்க நிக்கும்?"

"ரோட்டோரத்துல பெரிய பெட்ரோல் பங்க் இருக்கும். கூடவே டீ, காபி கடை."

"அப்ப டிரைவர் இறங்குவான்."

"இறங்குவாரு."

"எனக்கு முதல் சீட்டு வேணும்" என்றார் சித்தியிடம். "அவன் பின்னாடியே. இறங்கினா நானும் இறங்கி அவனோட ஒரு டீ குடிக்கறேன். ஆளப் பாத்துட்டேன்னா அப்புறம் தூக்கம் வரும்."

"என்ன பாஷைல பேசுவீங்க?" என்றாள் சித்தி.

"ரோடு எப்படிப்பா இருக்குன்னு கேக்கறதுக்குப் பாஷை எதுக்கு? கையைக் காட்டினாப் போதும்."

சித்தி மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். மாட்ரிட்டிலிருந்து சாய்ந்த கோடு இறங்கி லிஸ்பனைத் தொட்டது, இரண்டரை நாள் படுத்து ஓடியது, அங்கிருந்து கிளம்பித் தாளின் வலது ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் எங்கள் தெருவின் பெயரை எழுதி, எதிரே ஞாயிறு காலை ஒன்பது நாற்பது என்று போட்டாள். அதற்கும் பக்கத்தில் பத்து நிமிடம் 'சும்மா'.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டு, "இறங்கறது பாரிஸ், ஏறறது லிஸ்பனா?" என்று கேட்டாள். சித்தி கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "ஆமாம்மா, அங்க வேற வண்டி குடுப்பாங்க" என்றாள், பலகாலமாக இப்படித்தான் போய்வருகிறவள் மாதிரி.

மூன்றாவது வாரம் விசா வந்தது. அன்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க டிப்போவுக்குப் போயிருந்தேன். அறை வாசலில் நான்கு டிரைவர்கள் நின்றார்கள்; செய்தி எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

"அக்கா, அந்த ட்ராம் லேட்டா வந்தா அங்கயும் மெமோ குடுப்பீங்களா?"

"குடுக்கறதுக்கு முன்னாடி ஏறிப் பாக்கணும்ல" என்றாள் சித்தி. மேசை இழுப்பறையிலிருந்து பழைய கைக்கடிகாரத்தை எடுத்து, அதற்குப் புது பேட்டரி போட்டுவர முடியுமா என்று என்னிடம் கேட்டாள். "மூணு தடவ ஏறணும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஏத்தத்துக்கு எத்தன நிமிஷம்னு வந்து சொல்றேன். அதுவரைக்கும் காலண்டர யாரும் தொடாதீங்க."