விடியற்காலையில் பார்த்த வீடு

காலை ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டு ஜன்னல்கள். எல்லாவற்றையும் இறுக மூடி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்கள்.

நாமக்கல்லுக்கு வெளியே நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் முன் நின்றிருந்தோம். பத்து மணிக்கு அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. விற்பவரின் புரோக்கர் இரண்டு முறையும் நண்பகலில்தான் வீட்டைக் காட்டினார், குறையொன்றும் தெரியவில்லை. எங்கள் பக்கம் பேச என் மனைவி கோமதி என்ற புரோக்கரை அமர்த்தியிருந்தாள். எதற்கு இன்னொருவர் என்று நான் முணுமுணுத்திருந்தேன். அந்த விடியற்காலையில் எங்களை அங்கே வரவழைத்தவர் கோமதிதான்.

காற்று திரும்பியது. தென்னந்தோப்புக்கு அப்பாலிருந்த கோழிப்பண்ணையின் எரு வாடை மூக்கில் ஏறியது. ஆஸ்துமா உள்ள என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"அந்த புரோக்கருக்கு இது தெரியாதுங்களா?" என்றேன்.

"தெரியுமுங்க. வெயில் ஏறுனா வாடை தெரியாதுன்னும் தெரியும். அவரு விக்கறவங்க ஆளு, நான் உங்க ஆளு. அக்காவுக்கு இந்த ஊடு வேண்டாமுங்க," என்றார் கோமதி.

அந்த வார்த்தையோடு அவருடைய கமிஷனும் போனது. குரலில் தயக்கமே இல்லை. புரோக்கர் என்றால் விலை பேசுபவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஐந்து மாதம் தேடி அவர் காட்டிய வேறொரு வீட்டில் இப்போது இருக்கிறோம். என் மனைவி ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாள்.