இருபத்தொன்றாவது தாள்

சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு செம்புச் சிற்பம் நிற்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் மடக்கிய குடை, மறுபக்கம் பார்த்தால் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கும் ஆள். என்னவென்று கேட்டால் செய்தவர் சிரிக்கிறார். ஐம்பது வயதிருக்கும் அந்த அக்கா, பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத் தகடுகளில் எண் பொறித்துக்கொண்டிருந்தவராம். எண் இல்லாத வெற்றிடம்தான் தன்னை இழுத்தது என்கிறார்.

இப்போது அவர் மேசையில் கோடுகள் மட்டுமே செதுக்கிய ஒரு செம்புத் தகடு இருக்கிறது. அதில் மை தடவி அச்சடித்த இருபது படத் தாள்களும் கயிற்றில் காய்கின்றன. கூரான ஊசியை எடுத்து, தகட்டின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுக்கிறார். எனக்குப் பதறிவிடுகிறது.

"ஏன்க்கா கெடுத்துட்டீங்க?"

"இருபது தாள்தான் அடிப்பேன்னு சொல்லி வித்திருக்கேன் லா. இனி நானே ஆசைப்பட்டாலும் இருபத்தொண்ணு அடிக்க முடியாது."

"அப்ப இந்தத் தகடு?"

வாசலைக் காட்டுகிறார். சிற்பத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறேன். வளைத்துப் பற்றவைத்தவை எல்லாம் பழைய தகடுகள். ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கீறல். அடியில் இருக்கும் ஒரு சின்னத் தகட்டில் மட்டும் கீறலே இல்லை.

"இதுல குறுக்கே கோடு போட மறந்துட்டீங்களா?"

"அது என் முதல் தகடு தம்பி. ஒரு தாள்கூட யாரும் வாங்கல. யாருக்கு வாக்குக் கொடுத்தேன், கோடு போட?"