நல்ல வெள்ளமா, கெட்ட வெள்ளமா?

என் வீட்டுக்காரரை வேலையிடத்தில் மோட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கட்டடங்களின் பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்துவிட்டால், மோட்டாரும் பைப்புமாகப் போய் இறைத்து வெளியேற்றுவது அவர் வேலை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஆபீஸிலிருந்து போனில் வரும் செய்திகள்தான். 'ஃப்ளட்டட்' என்று வந்தால் போதும், தட்டில் சோறு பாதியில் நிற்க, மனுஷன் கிளம்பிவிடுவார். அந்த வார்த்தையை நம்பிப் போய் அவர் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

எங்கள் ஒரே மகள் விஷயத்தில்தான் குழப்பம். பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'ஸ்வாம்ப்ட்' என்று எழுதினாள். இவர் யாரிடமோ அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்து, "சேத்துல மாட்டிக்கிட்டாளாம்டி!" என்று பதறினார். போன் போட்டால் அவள் சிரிக்கிறாள். "வேலை அதிகம்னு அர்த்தம்பா!"

அவள் ஆபீஸில் மெயில் குவிந்தால் ஃப்ளட், புகார் குவிந்தால் டெல்யூஜ் என்கிற பெருவெள்ளம், வேலை இன்னும் கூடினால் பனியில் புதைந்துவிட்டேன் என்பார்களாம். "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எதுக்குடி இவங்க இப்படி நனையறாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? நான் என்ன அகராதியா?

போன மாதம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய நான், பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன். என் எரிச்சலைச் சொல்லி மாளாது. தினமும் போனில் கேட்பேன். "நல்லா இருக்கேன்மா" என்பாள், உடனே வைத்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் இவர் போனுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ஃப்ளட்டட், அப்பா. ஓவர்வெல்ம்ட்.' அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "வாழ்த்து, கிஃப்ட், வர்றவங்க போறவங்கன்னு வீடே ஃப்ளட் ஆகுது அத்தை. அவ செம ஹாப்பி!" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "கேட்டீங்களா? டிவில பரிசு வாங்கறவங்க நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு ஓவர்வெல்ம்ட்னுதான் சொல்றாங்க. சந்தோஷ வார்த்தைதான்."

"தண்ணி வரத்து தாங்காம மோட்டார் நின்னு போனா, எங்க சூப்பர்வைசரும் ஓவர்வெல்ம்ட்னுதான் எழுதறாரு."

"ஐயோ, உங்களோட மாரடிக்க முடியல! நாமளும்தான் ஆனந்த வெள்ளம்ங்கறோம். உடனே வாளியைத் தூக்கிட்டா ஓடறோம்?"

அவர் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளத்துல நல்லது எதையும் நான் பாத்ததில்லடி" என்று சட்டையை மாட்டினார்.

லீவு கேட்கப் போய், சூப்பர்வைசரிடம் அந்தச் செய்தியைக் காட்டியிருக்கிறார். அவரும் தண்ணீரோடே வாழ்கிற ஆள்தானே. "அடக் கடவுளே! பச்சைக் குழந்தை இருக்கற வீட்ல தண்ணி பூந்துடுச்சா? வேனை எடுய்யா. பெரிய மோட்டாரையும் எடுத்துக்க!" என்று விரட்டியிருக்கிறார். மறுக்க வேண்டுமா என்றே இவருக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தண்ணீராக இருந்துவிட்டால்?

நான் சும்மா இருப்பேனா? என்னையும் ஏற்றிக்கொண்டால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தேன். பைப் சுருள்களுக்கு நடுவே கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டுக்கு நடுவே மகள் நம்பரையும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மகள் வீட்டில் தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. கூடம் நிறைய கிஃப்ட் பெட்டிகள், பலூன்கள். யாரோ நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை டீ கொடுத்துக்கொண்டிருந்தார். தோளில் பைப்போடு நுழைந்த இவரைப் பார்த்து, "மாமா... இது எதுக்கு?" என்று விழித்தார். இவர் நேராக உள் அறைக்குப் போனார். நான் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு பின்னால் போனேன்.

என் மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவவில்லை. மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் கிடந்த போன் ஓயாமல் டிங் டிங் என்கிறது. அப்பாவின் தோளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "பைப்போடவாப்பா வந்தீங்க?" சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், அப்படியே அது அழுகையாக மாறி நிற்காமல் போனது.

இவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சந்தோஷமா இருக்கியா, கஷ்டமா இருக்கியா? அதை மட்டும் அப்பாவுக்குச் சொல்லு தங்கம்."

"தெரியலப்பா. இவளைப் பாத்தா சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா என்னால முடியலப்பா. எப்பத் தூங்கினேன்னே தெரியல."

பைப்பைக் கீழே போட்டுவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டார். வாசற்படியில் நின்ற மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லாருக்கும் ஹார்ட் போட்டுப் பதில் அனுப்பிட்டிருந்தாளே அத்தை..." என்று என்னைப் பார்த்தார். பாவம், பொய் சொல்லவில்லை.

எனக்கோ ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டுக் கேட்டேன். "பெத்தவ நான் தினமும் கேட்டேனேடி! எங்கிட்ட நல்லா இருக்கேன்னுட்டு, இங்கிலீஷ் புரியாத மனுஷனுக்கு எதுக்குடி அப்படி எழுதினே?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "புரிஞ்சவங்களுக்கு எழுதினா ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிடுவாங்கம்மா. அப்பாவுக்கு ஃப்ளட்டட்னு எழுதினா, வந்துடுவாரு."