அழுகிற அம்மாவின் மனைவி

ஹிலாராவின் பொறுப்பில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஐந்து பெண்கள் இருந்தார்கள். கத்துகிற பெண்டாட்டி, காசு பிடுங்கும் தாசி, குடிகாரத் தாதி, கூட்டிக்கொடுக்கும் கிழவி, அழுகிற அம்மா. ரோமாபுரியில் நாடகம் எழுதுகிற பெரிய மனிதர்களுக்கு இந்த ஐந்தைத் தாண்டிப் பெண்ணினம் தெரியாது. ஆறாவதாக, கதாநாயகன் கட்டிக்கொள்ளத் துடிக்கும் நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி கதைக்குக் கதை உண்டு. ஆனால் அவள் கடைசிவரை வீட்டைவிட்டு வெளியே தலைகாட்ட மாட்டாள், வாய் திறக்க மாட்டாள். அதனால் அவளுக்கு முகமூடி செய்கிற செலவு மிச்சம்.

ஹிலாரா அந்த முகமூடிகளைத் துடைப்பாள், உடுப்புகளைத் துவைப்பாள், கிழிந்ததைத் தைப்பாள். மேடை ஏற மட்டும் அனுமதி இல்லை. பெண்பிள்ளை மேடை ஏறினால் அசிங்கமாம். தொப்பை வைத்த ஓர் ஆம்பளை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினால் அது கலையாம். நல்ல நியாயம்.

அந்தத் தொப்பை ஆம்பளை வேறு யாருமில்லை, அவள் புருஷன் நுமிசியஸ். இருவரும் ஒரே எஜமானிடம் அடிமையாக இருந்து விடுதலையானவர்கள். 'அழுகிற அம்மா' வேஷத்துக்கு அவனை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. ஒரு காட்சியில், பெண் பிறந்தால் தெருவில் போட்டுவிடு என்று கணவன் சொல்லிவிட்டுப் போயிருப்பான். குழந்தை என்று சொல்லி ஒரு துணி மூட்டை வாசற்படியில் கிடக்கும். எடுத்துப் போக வேலைக்காரன் வருவான். அம்மா மனசு கேட்காமல் ஓடிவந்து மூட்டையை வாரியெடுத்து, மார்போடு அணைத்து, ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் கொடுப்பாள். கறிக்கடைக்காரன் முதல் செனட்டர் வரைக்கும் அங்கே மூக்கைச் சிந்துவார்கள். சிந்துகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் அதே காரியத்தைச் செய்தவர்கள்தான்.

அந்த அழுகை நுமிசியஸின் சொந்தச் சரக்கும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஹிலாராவுக்கு முதல் பெண் பிறந்தது. வழக்கப்படி மருத்துவச்சி குழந்தையைத் தரையில் கிடத்தினாள். தகப்பன் குனிந்து தூக்கினால் குழந்தை வீட்டுக்கு, தூக்காவிட்டால் தெருவுக்கு. அவன் தூக்கவில்லை. ஹிலாரா சுவரில் முட்டிக்கொண்டு அழுதபோது மூலையில் நின்று பார்த்தான். துக்கத்தில் வாயடைத்து நிற்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த விழாவில் அதே விக்கலோடு, அதேபோல இடது கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மேடையில் அழுதபோதுதான் விஷயம் புரிந்தது. படுபாவி, அன்றைக்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்போது இரண்டாவதும் பெண். மகா அன்னையின் திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது பிறந்தது. மருத்துவச்சி சத்ரியா குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"தூக்குய்யா. தரை குளிருது."

"பையன்னுதானே சொன்னே?" என்றான் நுமிசியஸ்.

"வயித்தப் பாத்துச் சொன்னேன். உள்ளே போயா பாத்தேன்?"

"பையனா இருந்தா பொம்பள வேஷம் கட்டுவான். பொண்ண வச்சுக்கிட்டு நாடகத்துல நான் என்ன பண்றது?" அவன் உண்மையாகவே கேட்டான்.

"பொண்ணாவே இருந்துட்டுப் போறா" என்றாள் ஹிலாரா படுக்கையிலிருந்து.

"சீதனம் யாரு குடுப்பா? உங்கப்பனா?"

"எங்கப்பன் யாருன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டே."

அவன் தூக்கவில்லை. உடனே தெருவுக்கு அனுப்பவும் இல்லை. விழா நேரத்தில் தீட்டு கீட்டு என்று வந்துவிட்டால் வேஷம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். "எட்டாம் நாள்தானே பேர் வைக்கணும். ஏழாம் நாள் நாடகம் முடிஞ்சதும் தாமா வந்து எடுத்துட்டுப் போவான். அதுவரைக்கும் பால் குடு" என்றான். மேடையில் மூட்டையைத் தூக்கிப் போகும் வேலைக்காரன் வேஷம் இந்தத் தாமாவுக்குத்தான். அனுபவசாலி.

ஆறு நாளும் ஹிலாரா அழவே இல்லை. அழுதால் அவன் பார்த்துவிடுவான் என்ற வயிற்றெரிச்சல் பாதி, யோசிக்க வேண்டியிருந்தது பாதி.

ஏழாம் நாள், கோயில் முன்னால் போட்ட மேடையைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ஹிலாரா மேடையில் வீடுபோலக் கட்டியிருந்த தட்டியின் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து குழந்தைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்தாள். காட்சி வந்ததும் கதவை ஒரு சாண் திறந்து, மூட்டையை வாசற்படியில் வைத்துவிட்டுத் தாழ் போட்டாள். துணி மூட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

நுமிசியஸ் கூந்தல் விரிய ஓடிவந்தான். முகமூடியின் கண் ஓட்டையில் பக்கத்து ஆளே சரியாகத் தெரியாது. குனிந்து வாரியெடுத்தான். மூட்டை கனத்தது. சூடாக இருந்தது. உதைத்தது. பழக்கதோஷத்தில் மார்போடு அணைத்துவிட்டான். அங்கே திணித்திருந்த பஞ்சில் வாய் வைத்து ஏமாந்த குழந்தை வீறிட்டு அலறியது.

தாமா வசனப்படி கையை நீட்டி, "குடுங்கம்மா, நேரமாச்சு" என்றவன், உள்ளே அசைவதைப் பார்த்துக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

முன்வரிசையில் விழா நடத்தும் அதிகாரி எழுந்துவிட்டார். விழாவில் சின்னப் பிசகு வந்தாலும் அந்தத் தெய்வத்துக்கு ஆகாது, மொத்தத்தையும் முதலிலிருந்து நடத்தியாக வேண்டும்.

"நிறுத்துடா. அது யாரு குழந்தை?"

"ஐயோ, பாவி நான் பெத்த..." என்று அம்மாக் குரலில் ஆரம்பித்தான் நுமிசியஸ்.

"முகமூடியக் கழட்டிட்டுப் பேசு. எவனோ தெருவுல போட்டதக் கொண்டாந்து சந்நிதியில வச்சிருந்தியோ, தீட்டு. நாளைக்கு முதல்லேருந்து விழா நடக்கும், உன் முதுகுத் தோலை உரிச்சுட்டுத்தான் நடக்கும். உன் வீட்டுக் குழந்தைன்னா, அது நாடகம். தப்பில்ல. சொல்லு."

நுமிசியஸ் கதவுப் பக்கம் ஒதுங்கினான். "ஹிலாரா, வந்து வாங்கித் தொலை."

"பொம்பள மேடைக்கு வரக் கூடாதாமே" என்றது கதவு.

உள்ளே அவள் தாழை விடாமல் பிடித்திருந்தாள். என் குழந்தை இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாயங்காலம் குழந்தை இருக்காது. அவள் முதுகிலும் தோல் இருக்காது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

நுமிசியஸ் ஒரு கையால் முகமூடியைக் கழற்றினான். வேர்த்து வழிந்தது. "இவ்வளவு பேர் பாக்க நானே தூக்கிட்டேனே" என்று தனக்குத்தானே முனகினான். "பொம்பள வேஷத்துலதானே தூக்கினேன்? செல்லாதுங்களே" என்றும் ஒருமுறை அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தான். அவர் சாட்டைக்காரனைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பொண்ணுங்க."

"சத்தமா."

"என் பொண்ணு. நான்தான் அப்பன். பேரு நுமிசியா."

அதிகாரி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒருத்தரும் கைதட்டவில்லை. "அம்மா வேஷத்துல என்னமா உருக்குவான்" என்றான் கடலை விற்கிறவன். "அப்பா வேஷம் சுத்தமா வரலையே." பக்கத்திலிருந்த மீன்காரியும் உதட்டைப் பிதுக்கினாள்.

நாடகம் எப்படியோ முடிந்தது. பின்பக்கம் வந்த நுமிசியஸ் கத்துவான் என்று ஹிலாரா காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. முகமூடியைப் பெட்டிக்குள் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்தான்.

"கேட்டியா? அப்பா வேஷம் எனக்கு வரலையாம்."

"வரலைதான்" என்று ஹிலாரா குழந்தையை அவன் மடியில் வைத்தாள். "தல இன்னும் நிக்கல. கழுத்தத் தாங்கிப் பிடி."