அக்கா படத்துக்குப் பக்கத்தில்

என் நாவல் அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கிய அன்று, அம்மா அவற்றைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளி, காலி உரச்சாக்கை விரித்து மூடினாள். உடும்பஞ்சோலைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் தாள் ஒரு வாரம் தாங்காது.

"இதையெல்லாம் எந்தக் கடையிலப்பா வைப்பாங்க?" என்று கேட்டாள்.

பதிப்பகங்களுக்கு அனுப்பி அலுத்துப்போய், ஏலக்காய் ஸ்டோரில் வாங்கும் சம்பளத்தைச் சேர்த்து நானே அச்சடித்த புத்தகம் அது. எந்தக் கடைக்காரருக்கும் என்னைத் தெரியாது.

நாவல் அக்காவைப் பற்றியது. அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அக்கா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அப்படியே காயெடுக்க ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவாள். நான் கல்லூரி முடித்த அடுத்த மழைக்காலத்தில், அவளையும் மற்றவர்களையும் வேலைக்கு ஏற்றிப்போன ஜீப் வளைவில் கவிழ்ந்தது. மற்றவர்கள் கட்டுப்போட்ட கைகாலோடு வீடு திரும்பினார்கள். அக்கா ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, கடைசி வரை கண் திறக்காமல் போய்விட்டாள். அவளைத் தெரியாதவர்கள் அவளை வாசிக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஹோம்ஸ்டே ஒன்றில் வேலை பார்க்கும் என் நண்பனுக்கு இன்ஸ்டாகிராமில் பெரிய கூட்டம் உண்டு. மூடுபனியையும் ஆவி பறக்கும் கட்டன்சாயாவையும் காட்டியே ஆள் சேர்த்தவன். அவனிடம் போய் நின்றேன்.

"மொதல்ல மூஞ்சிய மாத்து மாப்ள" என்றான். "கதை எழுதுனவன் மாதிரியா இருக்க? கரண்ட் பில்லு கட்டாதவன் மாதிரி இருக்க."

அவன் சொன்னபடியெல்லாம் செய்தேன். பனிக்குள்ளிருந்து புத்தகத்தோடு நடந்து வந்தேன். பாறைமேல் வைத்து அட்டையைப் படம் பிடித்தேன். லைவில் ஒரு அத்தியாயம் வாசித்தேன். அதற்கு வந்த ஒரே கேள்வி, பின்னால் மேய்ந்துகொண்டிருந்த சேவல் விற்பனைக்கா என்பது. நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"கதைய எவனும் கேக்க மாட்டான்டா. கதைக்குப் பின்னாடி என்ன கதைன்னுதான் கேப்பான். அக்காவப் பத்திச் சொல்லு. போட்டோ இருக்குல்ல?"

இருந்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. நானும் அக்காவும் நிற்கிறோம், என் கை அவள் தோளில். அவளை மட்டும் வெட்டியெடுத்தாலும் என் விரல்கள் தோளில் ஒட்டிக்கொண்டுதான் வரும். அப்படி வெட்டியதையே போஸ்டரில் பெரிதாக வைத்தேன். பக்கத்தில் அவளைப் பற்றி நாலு வரி, ஒரு மூலையில் புத்தக அட்டை. கீழே என் வாட்ஸ்அப் எண்.

"வாங்கணும்னு தோணுன நிமிசமே காசு கட்ட வழி இருக்கணும்டா" என்று சொல்லி, க்யூஆர் கட்டத்தை அவனே அக்கா முகத்துக்குப் பக்கத்தில் நகர்த்திப் பெரிதாக்கினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் தோட்டத்து லைன் வீடுகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மத்தியானத்துக்குள் போன் சூடாகிவிட்டது. லைன் குழுவிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக் குழுவுக்கு, அங்கிருந்து பள்ளிக்கூடக் குழு, சர்ச் குழு, பிறகு மலைக்குக் கீழே தெரியாத ஊர்கள். பணம் வரத் தொடங்கியது. ஸ்டோரில் காய் சலிக்கும் இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு 'டிங்'கும் என் காதில் விழுந்தது. நண்பனுக்குப் போன் போட்டேன். "வைரல்டா மாப்ள!" என்று கத்தினான்.

ஆனால் யாரும் முகவரி அனுப்பவில்லை. வந்த தொகைகளும் புத்தக விலைக்குப் பொருந்தவில்லை. சிலது ரொம்பக் குறைவு, சிலது ரொம்ப அதிகம். புத்தகம் அனுப்ப முகவரி வேண்டும் என்று ஒருவருக்கு எழுதினேன். "அட்ரஸ் எந்தினா?" என்று பதில் வந்தது. எதற்கு முகவரி என்று அவருக்குப் புரியவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் அம்மா தோட்டத்திலிருந்து வந்தாள். தலையில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் வாசலிலேயே நின்றாள்.

"கூட வேலை செய்யிற பிள்ள போன்ல காட்டுனா. அக்கா படத்துக்குப் பக்கத்துல அந்தக் கட்டம் எதுக்குடா?"

"புத்தகத்துக்கும்மா. புத்தகம் வாங்குறவங்க..."

"அன்னைக்கும் இதே படம்தான். இதே மாதிரிதான் கட்டம். அவ ஆஸ்பத்திரியில மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தா, ஊரெல்லாம் கேட்டோம். கேட்டது அவளுக்கு. இப்ப யாருக்குடா கேக்குற?"

அப்போதுதான் போஸ்டரை அவள் கண்ணால் பார்த்தேன். இந்த மலையில் ஒருவர் விழுந்துவிட்டால் பையன்கள் உடனே சிகிச்சை சகாயப் போஸ்டர் செய்துவிடுவார்கள். ஒரு முகம், பக்கத்தில் கட்டம், கீழே ஒரு நம்பர். பார்த்தவர்கள் முடிந்ததை அனுப்பிவிட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள். வாசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் செய்தார்கள், இந்தப் படத்தையே இப்படித்தான் வெட்டினார்கள். நான் எழுதிய நாலு வரியும் தமிழ். குழுக்களில் பாதிப்பேர் மலையாளிகள். தமிழ் வாசிக்கத் தெரியாத அவர்களும், எதையும் வாசிக்கத் தெரியாத என் அம்மாவும் அந்தப் போஸ்டரை ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள். நண்பனுக்கு அது தெரியவில்லை. பி.ஏ. படித்த எனக்கும் தெரியவில்லை.

புத்தகம் அக்காவைப் பற்றியது என்று சொன்னேன். அம்மா மெதுவாகப் பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"அவளப் பத்தியா? இவ்வளவு நாளு அவ மேலயா படுத்துக் கெடந்தேன்?"

ஒரு பிரதியை உருவித் தந்தேன். வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வாசி."

முதல் பக்கத்தை வாசித்தேன். பள்ளிக்கூட வாசலில் என் கையை விட்டுவிட்டு அக்கா நடந்து போகும் இடம். அவள் திரும்பிப் பார்க்கும் வரி வந்ததும் அம்மா எழுந்துவிட்டாள். "போதும்ப்பா. ஒல கொதிக்குது." அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை.

போஸ்டரை நீக்கினேன். வந்த பணத்தையெல்லாம் திருப்பி அனுப்பி, மன்னிக்கச் சொல்லிக் குழுக்களில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினேன். அதை யாரும் அடுத்த குழுவுக்குத் தள்ளவில்லை. போஸ்டர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நண்பன் வந்து, "தப்பா எடுத்துக்காத மாப்ள, நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கி, அம்மா இருப்பதைப் பார்த்ததும் வார்த்தையை விழுங்கிவிட்டான். கட்டுகள் கட்டிலுக்கடியிலேயே இருந்தன. ஆனால் அம்மா அந்தக் கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுக்கொண்டாள்.

மழை விட்டுப் பல நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு குரல் செய்தி வந்தது. முன்பின் தெரியாத எண். வயதான பெண் குரல், மலையாளம். "மோனே, ஆ மோளுக்கு இப்போ எங்ஙனெ உண்டு? ஞான் பிரார்த்திக்குன்னுண்டு." அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது, நான் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறாள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மலையாளம் அவளுக்கு நன்றாகவே புரியும். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்கா போடு."

போட்டேன். கேட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டாள், காட்டினேன். அதைக் கெட்டியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"சுகமாயிட்டு இருக்கா சேச்சி. கஞ்சி குடிச்சா. இப்பத்தான் தூங்குறா."

விரலை எடுத்ததும் செய்தி போய்விட்டது. போனை என்னிடம் நீட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

"திருப்பி ஏதாச்சும் கேட்டாங்கன்னா எங்கிட்ட சொல்லு" என்றாள்.